சுடுகாட்டு ரோடு

எங்கள் தெருவில் சாவதற்கு நல்ல மாதம், கெட்ட மாதம் என்று இருந்தது. கல்யாணத்துக்கு ஆடி ஆகாது, மார்கழி ஆகாது என்பார்கள் அல்லவா? சாவுக்கு ஐப்பசி ஆகாது, கார்த்திகை ஆகாது. பங்குனி, சித்திரை உத்தமம். நடவு வயலில் யாராவது ஒருத்தி கொஞ்சம் பலமாக இருமிவிட்டால் போதும், பக்கத்தில் நடுகிறவள் ஆரம்பித்துவிடுவாள்.

"அடியே, இந்த மழையோட போய்ச் சேந்துடாத. தூக்குறவன் வாயில விழுவ. பங்குனி வரைக்கும் இழுத்துப் புடிச்சுக்கிட்டு இரு."

இருமியவளும் சேர்ந்துதான் சிரிப்பாள். வெளியூரிலிருந்து எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களுக்கு முதலில் இந்தக் கேலி புரியாது. ஒரே ஒரு அடைமழையைப் பார்த்ததும் புரிந்துவிடும். தெருவின் தெற்கு முனையில் நின்றால் சுடுகாட்டுத் திடல் கண்ணுக்குத் தெரியும். நடுவில் ஒரு மரம் மட்டை கிடையாது, வயல்தான். அந்த வயல்களுக்கு நடுவே ஒரு வரப்பு போகும். அதுதான் பாதை. வரப்பில் ஒருவர் பின் ஒருவராக நடக்கலாம். பாடையைத் தூக்கிக்கொண்டு நான்கு பேர் சேர்ந்து நடக்க முடியாது. ஆகவே வயலில் இறங்க வேண்டும். கோடையில் அது ஒரு விஷயமே இல்லை. ஐப்பசியில் இறங்கினால் இடுப்பளவு தண்ணீர், அதற்குக் கீழே முழங்கால் அளவு சேறு.

நாங்கள் கடைமடைக்காரர்கள். மேட்டூரில் திறக்கிற தண்ணீர் ஊரெல்லாம் விருந்தாடிவிட்டுக் கடைசியாகத்தான் எங்களிடம் வரும். மழைத் தண்ணீரோ ஊரெல்லாம் துரத்திவிட்டதும் நேராக எங்களிடம் வந்து சம்மணம் போட்டு உட்காரும். கேட்டால் வராது, வந்தால் போகாது. எங்கள் பக்கத்தில் தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். அந்தச் சுடுகாட்டு வரப்பின் மேற்கே எங்கள் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலமும், தெருக்காரர்கள் பலருடைய நிலமும் இருந்தன. கிழக்கே அத்தையின் வயல், அதாவது என் அப்பாவின் தங்கையினுடையது. உள்ளூரிலேயே, எங்கள் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள். அவள் வயலைத் தாண்டினால் வடிகால், அது கடலுக்குப் போகும். மழைக்காலத்தில் வரப்பின் நடுவே தாழ்வாக இருந்த ஓரிடத்தில் மேற்குத் தண்ணீர் ஏறிக் குதித்துக் கிழக்கே போய் வடிகாலில் விழும். யாரும் அதை ஏற்படுத்தவில்லை. தண்ணீரே பார்த்துக்கொண்ட ஏற்பாடு அது.

அப்பா ஐப்பசியில் செத்துப்போனார். "அந்த மனுசனுக்கு எதுலயும் நேரங்காலம் தெரியாது" என்று அம்மா பிற்பாடு பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அப்போது கல்லூரியில் மருந்தியல் பட்டயம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரே பிள்ளை என்பதால் கொள்ளிச்சட்டி என் கையில். எல்லாருக்கும் முன்னால் நான்தான் வயலில் இறங்கினேன். சட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, ஒரு காலைப் பிடுங்கி இன்னொரு காலை ஊன்றி நடந்தேன். பின்னால் பாடையைத் தூக்கி வந்தவர்களில் ஒருவர் கால் புதைந்து சாய்ந்துவிட்டார். பாடை ஒரு பக்கமாகச் சரிந்தது. விழவில்லை, பிடித்துவிட்டார்கள். ஆனால் அப்பாவின் கால்கள் முழங்கால் வரை சேற்றுத் தண்ணீரில் முங்கி எழுந்தன.

எங்கள் வழக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை. தெருமுனையோடு நின்றுவிடுவார்கள். ஆனால் அங்கிருந்து எல்லாம் தெரியும் என்று சொன்னேனே. அம்மா பார்த்துவிட்டாள். அன்று அவள் போட்ட சத்தம் வயலைத் தாண்டி எனக்குக் கேட்டது. புருஷன் செத்தபோதுகூட அவள் அப்படிக் கத்தவில்லை.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசைதான். வீடு மாடி வைத்துக் கட்ட வேண்டும், காதுக்குத் தோடு வேண்டும் என்றெல்லாம் அவள் கேட்டதே இல்லை. "நான் எந்த மாசத்துல போனாலும் சரி தம்பி, ரோட்டுல போவணும்" என்பாள். கிராம சபை எப்போது கூடினாலும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துகொள்வாள். குடிதண்ணீர், தெருவிளக்கு, ரேஷன் கடை என்று ஊர் எதைப் பேசினாலும் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் எழுந்து நிற்பாள். பெரிய தெருவில் இதை வைத்து ஒரு கேலியே ஓடியது. "அந்தம்மாவுக்குச் சுடுகாட்டுக்குப் போறதுக்கு என்ன அவ்வளவு அவசரம்?"

ஒருமுறை அதை அவள் முகத்துக்கு நேராகவே ஒருவர் கேட்டுவிட்டார். அம்மா அசரவில்லை.

"உசிரோட இருக்கிற வரைக்கும் ஒங்க ரோட்டுலயே நடந்துக்குறோம். செத்தப்புறம் எந்த ரோட்டுல நடக்குறதுன்னு நீங்களே சொல்லுங்க."

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. பெரிய தெருக்காரர்களுடைய முன்னோர்களின் வயலில்தான் எங்கள் முன்னோர்கள் கூலிக்கு நின்றார்கள். அந்த நினைப்பு இரண்டு பக்கமும் இருந்தது.

வருஷங்கள் கழித்து ஒரு திட்டம் வந்தது. ஊரை மேம்படுத்த வேண்டும், அதையும் ஊர் மக்களைக் கேட்டே செய்ய வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் சிறப்பாம். நான் அதற்குள் பட்டுக்கோட்டையில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகி, அங்கேயே குடியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஊருக்குப் போவேன். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவர்கள் வந்தார்கள். இரண்டு இளம் பெண்கள், ஒரு பையன், கூட ஒரு அதிகாரி. கையில் காகிதம் எதையும் எடுக்காமல் பை நிறையக் கோலமாவு கொண்டு வந்திருந்தார்கள். வெள்ளை, பச்சை, சிவப்பு, நீலம்.

"ஒங்க ஊரை நீங்களே தரையில வரைஞ்சு காட்டுங்க. எங்க என்ன வேணும்னு ஒங்களுக்குத்தான் தெரியும்" என்றாள் அவர்களில் ஒருத்தி. எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. அவ்வளவு வருஷத்தில் எங்களுக்கு என்ன தெரியும் என்று எங்களைக் கேட்டவர்கள் குறைவு.

மாரியம்மன் கோயில் முன்னால் சாணி தெளித்த தரையில் எங்கள் ஊர் விரிந்தது. பெண்கள் கையில்தான் மாவு. மார்கழிக் கோலம் போட்ட விரல்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? வீடுகள் வெள்ளை, வயல் பச்சை, வாய்க்கால் நீலம். அம்மா சிவப்பு மாவை எடுத்துத் தெருமுனையிலிருந்து சுடுகாட்டுத் திடல் வரைக்கும் நேராக ஒரு கோடு இழுத்தாள். "இதுதாங்க வேணும். வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். தெரு மொத்தமும் ஆமாம் என்றது. அதிகாரியும் தலையை ஆட்டினார்.

அதன் பிறகு அம்மா இன்னொரு காரியமும் செய்தாள். நீல மாவை ஒரு பிடி எடுத்து, அந்தச் சிவப்புக் கோட்டின் நடுவே, மேற்கிலிருந்து கிழக்காகக் குறுக்கே ஒரு கோடு போட்டாள். "இந்த எடத்துல தண்ணி தாண்டும். ரோடு போடறப்ப இங்க கொழாய் வைக்கணும்" என்றாள்.

அவ்வளவுதான். அத்தை எழுந்துவிட்டாள்.

"அது எப்படி? கொழாய் வச்சா மேக்கால இருக்கிற தண்ணி அத்தனையும் என் வயல்லதான வந்து எறங்கும்?"

"இப்ப மட்டும் எங்க எறங்குது? இத்தனை நாளும் அப்படித்தானே போவுது."

"இத்தனை நாளும் வரப்பு தாண்டி வந்துச்சு. அது தண்ணியோட குணம். இப்ப சர்க்கார் கொழாய் வச்சு வுட்டா அது சட்டமா ஆயிடும். அப்புறம் நான் யாருகிட்டப் போயி கேக்குறது அண்ணி?"

அத்தை சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவள் வயலுக்குக் கிழக்கே வடிகால் இருந்தது என்று சொன்னேன். இருந்தது, அவ்வளவுதான். ஆகாயத்தாமரை மண்டி, அது வடிகாலா மேய்ச்சல் தரையா என்று மாட்டுக்கே சந்தேகம் வரும். வருகிற தண்ணீர் அவள் வயலிலேயே தங்கும். மேற்கு வயல்காரர்கள் குழாய் வேண்டும் என்றார்கள், கிழக்கு வயல்காரர்கள் கூடாது என்றார்கள். கொஞ்ச நேரத்தில் மாமன் மச்சான் எல்லாம் போய் மேற்கும் கிழக்கும்தான் மிஞ்சியது. எங்கள் சீமையில் சொத்துக்காக அடித்துக்கொள்கிறவர்களைவிடத் தண்ணீரைக் கொண்டுவரவும், வந்த தண்ணீரை அடுத்தவனிடம் தள்ளவும் அடித்துக்கொள்கிறவர்கள் அதிகம்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "ஊர் ஒருமனதாச் சொன்னாத்தாங்க எழுத முடியும். இல்லேன்னா அடுத்த ஊருக்குப் போயிடும்" என்றார். அவர் மிரட்டவில்லை, உள்ளதைச் சொன்னார்.

அம்மா அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு கோலத்துக்குள்ளே போய், தான் போட்ட நீலக் கோட்டைத் தன் காலாலேயே தேய்த்து அழித்தாள்.

"கொழாய் வேணாம். ரோடு மட்டும் போடுங்க."

எல்லாரும் கைதட்டினார்கள். அத்தை வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒற்றுமை என்றால் இதுதான் என்று அந்த இளம் பெண் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள். அன்று அங்கே இருந்த ஒரு ஆளுக்காவது, வடிகாலில் இருக்கிற ஆகாயத்தாமரையை முதலில் அள்ளுவோம் என்று சொல்ல வாய் வரவில்லை. நினைத்தால் இப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது. வடிகால் வேறு இலாகாவாம், இந்தத் திட்டத்தில் வராதாம். ரோட்டுக்கு ஒரு ஆபீஸ், வாய்க்காலுக்கு ஒரு ஆபீஸ். தண்ணீருக்குத்தான் எந்த ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

ரோடு வந்தது. மண்ணடித்து, கப்பி போட்டு, தார் ஊற்றி, நல்ல உயரமாகவே போட்டார்கள். உயரமாக இருக்கட்டும், வெள்ளத்தில் முங்கக் கூடாது என்று தெருவே கேட்டு வாங்கிய உயரம் அது. தார் காய்ந்த அன்று காலையில் அம்மா, கூட்டத்தில் மிஞ்சிய கோலமாவை எடுத்துக்கொண்டு போய் ரோட்டின் தொடக்கத்தில் ஒரு கோலம் போட்டாள். சுடுகாட்டுக்குப் போகிற ரோட்டில் கோலம் போட்ட முதல் ஆள் இந்த உலகத்தில் அவளாகத்தான் இருப்பாள்.

அந்த ஆவணியில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் போய்ச் சேர்ந்தார். அந்த ரோட்டில் போன முதல் பிணம். தேர் மாதிரி போனார் என்று தெருவே பெருமைப்பட்டது. தூக்கிப்போன இளவட்டங்கள் திரும்பி வந்ததும் அம்மா அவர்களுடைய வேட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "ஒரு சொட்டுச் சேறு இல்ல பாரேன்" என்று எனக்குப் போன் போட்டுச் சொன்னாள். ஆவணியில் எப்படிம்மா சேறு இருக்கும் என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை.

ஐப்பசி பிறந்தது. நட்ட சம்பா பச்சை பிடித்து நின்ற நேரம், நாகப்பட்டினம் பக்கம் புயல் சின்னம் என்று செய்தியில் சொன்னார்கள். மழை பிடித்தது, பிடித்தது, விடவே இல்லை. மேற்கே இருந்து வந்த தண்ணீர் வழக்கமாகத் தாண்டுகிற இடத்துக்கு வந்து பார்த்தது. அங்கே ரோடு நின்றது. எவ்வளவு உயரமான ரோடு! நாங்களே கேட்டு வாங்கிய கரை. தண்ணீர் திரும்பி எங்கள் வயல்களில் ஏறத் தொடங்கியது. நான் கடையில் லீவு சொல்லிவிட்டு ஊருக்குப் போனபோது மேற்கே பயிர் தெரியவில்லை, குளம்தான் தெரிந்தது. கிழக்கே அத்தையின் வயலில் பயிர் தலையை ஆட்டிக்கொண்டு நின்றது.

சம்பாப் பயிர் தண்ணீருக்குள் ஓரளவுதான் மூச்சுப் பிடிக்கும், அப்புறம் அழுகிவிடும். மேற்கு வயல்காரர்கள் எல்லாரும் மண்வெட்டி, கடப்பாரையோடு ரோட்டில் கூடிவிட்டார்கள். ஜேசிபிக்காரரைக் கூப்பிட்டால், "அரசாங்க ரோடுங்க, கேஸ் ஆயிடும்" என்று வர மறுத்துவிட்டார். கையால்தான் வெட்ட வேண்டும். கடப்பாரை வைத்திருந்தவர்கள் ரோட்டைப் பார்த்தார்கள், அப்புறம் அம்மாவைப் பார்த்தார்கள். யாரும் கையை ஓங்கவில்லை. அவளுடைய ரோடு என்று எல்லாருக்கும் தெரியும்.

அத்தை ஓடி வந்து அந்த இடத்தில் நடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். மழை அவள் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது.

"என்னைய வெட்டிட்டு ரோட்டை வெட்டுங்க."

அம்மா போய் அவள் பக்கத்தில் குந்தினாள். இரண்டு பேரும் நனைந்துகொண்டே பேசினார்கள்.

"எந்திரிடி. மேக்க இருவது குடும்பத்துப் பயிரு முங்கிக் கெடக்குது."

"அப்ப என் பயிரு?"

"ஒன் வயல்ல தண்ணி நிக்காம நான் பாத்துக்குறேன். இவனுவ அத்தனை பேரையும் வடிகால்ல எறக்குறேன். தாமரையை அள்ளிட்டா தண்ணி ஓடிடும்."

"ரோடு போயிடுமே அண்ணி. நீ எம்புட்டு ஆசப்பட்ட."

அம்மா நனைந்த தாரை ஒருமுறை உள்ளங்கையால் தடவினாள். "ரோடு போனா மறுபடி போட்டுக்கலாம். அழுவுன பயிர நட முடியுமா? எனக்கு என்ன, இப்பவேவா போவப் போறேன்?" என்றாள். பிறகு எழுந்து நின்று, கடப்பாரைக்காரர்களைப் பார்த்து, "வெட்டுங்கடா" என்றாள்.

முதல் அடி விழுந்தபோது அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மழையில் நனைந்த முகம், அழுதாளா என்று எனக்குத் தெரியாது. அழுதிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

சொன்னபடி ஆண்கள் வடிகாலில் இறங்கினார்கள். கழுத்தளவு தண்ணீரில் நின்று ஆகாயத்தாமரையைப் புரட்டிப் புரட்டிக் கரையேற்றினார்கள். மேற்கும் கிழக்கும் சேர்ந்துதான் இறங்கியது. கோலமாவு நாளில் செய்திருக்க வேண்டிய வேலை, பயிர் முங்கிய பிறகு நடந்தது. வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். நாங்கள் வெள்ளம் வருமுன் அணைதான் போட்டிருந்தோம், வடிகாலைத்தான் வெட்டவில்லை. எங்கள் கை ஓடியதைவிட வேகமாகத் தண்ணீர் ஓடியது. வெட்டிய இடத்தை அரித்துக்கொண்டு, தாரையும் கப்பியையும் வாரிக்கொண்டு அத்தையின் வயலுக்குள் பாய்ந்தது. மேற்கே பயிர் பிழைத்துக்கொண்டது. வடிகால் திறந்துகொள்வதற்குள் அத்தையின் பயிரில் பாதி மண் மூடிப் போய்விட்டது.

அத்தை அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சண்டை போடவில்லை, சாபம் விடவில்லை. எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். திட்டியிருந்தால் அம்மா தாங்கியிருப்பாள்.

ரோட்டின் பள்ளம் அப்படியே நின்றது. மண்ணடித்து மூடலாம் என்றால், அடுத்த மழைக்கு மறுபடி முங்குவோம் என்று மேற்கு பயந்தது. குழாய் வராமல் தொட விட மாட்டோம் என்றார்கள். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், அரசாங்க ரோட்டை யார் வெட்டியது என்று சத்தம் போட்டார்கள், அப்புறம் அவர்களே மனசு இரங்கி சிமெண்ட் குழாய்களைக் கொண்டுவந்து ரோட்டோரம் இறக்கிவிட்டுப் போனார்கள். அவற்றைப் பதித்தது அதற்கடுத்த ஆடியில். அதுவரை குழாய்களுக்குள் ஆட்டுக்குட்டிகள் படுத்திருந்தன. பள்ளத்தின் மேல் இரண்டு பனந்துண்டுகளைப் போட்டு வைத்திருந்தோம். ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம்.

மார்கழியில் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கால் வீங்கியது. நான் பட்டுக்கோட்டைக்குக் கூட்டிவந்து டாக்டரிடம் காட்டினேன். இதயம் பலவீனமாகிவிட்டது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மருந்துச் சீட்டைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தினமும் கடையில் அந்த மாத்திரைகளை எடுத்துக் கொடுக்கிறவன், யாருக்கு எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரியாதா? அம்மாவிடம் வாயுத் தொந்தரவு என்று சொன்னேன். அவளும் நம்பியதுபோல இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வயலைப் பார்க்க நான் ஊருக்குப் போவேன். திரும்பி வந்ததும், சட்டையைக் கழற்றுவதற்குள் கேள்வி வரும்.

"வயக்காடு எப்படி இருக்கு தம்பி? ஈரமா?"

"தையில ஈரம் இல்லாம இருக்குமாம்மா? கதிர் சாய்ஞ்சிருக்கு."

"கால் பொதையுதா?"

"பொதையுது."

அப்போது அவள் சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். நாளைக்கே தேறிவிடுபவளைப் போல மாத்திரையை வாங்கி விழுங்குவாள். என் மனைவி கஞ்சி கொண்டுவந்தால் மறுக்காமல் குடிப்பாள். மாசியில் அறுப்பு. எங்கள் பக்கம் அறுவடை மிஷினில் இரண்டு வகை உண்டு. சேற்றிலும் இறங்குவது செயின் வண்டி, காய்ந்த தரையில் மட்டும் இறங்குவது டயர் வண்டி. செயின் வண்டிக்கு வாடகை அதிகம். அந்த வாரம் நான் உள்ளே நுழைந்ததும் கேட்டாள்.

"எந்த வண்டி எறங்குச்சு? செயின் வண்டியா, டயர் வண்டியா?"

வாடகைக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் சிரித்தேன். "கவலப்படாத. மேல் கோடியில டயர் வண்டியே எறங்கிடுச்சு. நடுவுல மட்டுந்தான் இன்னும் ஈரம்."

"அந்தப் பள்ளத்துக்கிட்ட?"

"அங்க கொஞ்சம் சதசதன்னுதான் இருக்கு. அத்த வயலும் அப்படித்தான்."

"அத்த ஏதாச்சும் கேட்டாளா?"

"ஒன் ஒடம்பு எப்படி இருக்குன்னு கேட்டாங்க" என்று பொய் சொன்னேன். அது நான் அவளிடம் சொன்ன இரண்டாவது பொய், அதுவும் நன்றாகத்தான் வேலை செய்தது.

பங்குனி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. நெல் அறுத்த தாளுக்கு நடுவே விதைத்த உளுந்து காய் பிடித்து நின்றது. வெயில் நன்றாக ஏறிவிட்டது. அன்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"தரை வெடிப்பு உட்டுருச்சா?"

"காஞ்சு கட்டாந்தரையா கெடக்குதும்மா. பள்ளத்துக்கிட்டகூட வெரல் நுழையிற அளவுக்கு வெடிப்பு."

"கால் பொதையாதே?"

"எங்கேருந்து பொதையிறது? கல்லு மாதிரி இருக்கு."

"அப்ப சரி" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதியைப் பார்த்து உளுந்து நன்றாக விளைந்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரமே, ஒரு காலை நேரம், டீ கேட்டாள். என் மனைவி டீயோடு வந்தபோது அம்மா இல்லை.

ஆம்புலன்சில் ஊருக்குக் கொண்டு போனோம். மறுபடியும் கொள்ளிச்சட்டி என் கையில். தெருமுனையில் பெண்கள் நின்றுகொண்டார்கள். அவர்களில் அத்தையைக் காணவில்லை. வரமாட்டாள் என்று தெரிந்திருந்தும் எனக்கு வலித்தது. தார் ரோட்டில் நடந்தோம். அம்மா கேட்ட மாதிரியே ரோட்டில்தான் போனாள், பள்ளம் வரைக்கும். அங்கே போனதும் எல்லாரும் நின்றுவிட்டார்கள். இரண்டு பனந்துண்டின் மேல் பாடையைத் தூக்கிக்கொண்டு எப்படிப் போவது? மேற்கே இறங்கலாம் என்றால் குழாய்களும் வாரிப்போட்ட கப்பிக் குவியலும் வழியை அடைத்துக் கிடந்தன.

கிழக்கே அத்தை நின்றாள். தன் வயலில், வெயிலில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு. காலையிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறாள். ரோட்டின் சரிவிலிருந்து தொடங்கி, பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி ரோட்டில் ஏறுகிற இடம் வரைக்கும், நான்கு பேர் சேர்ந்து நடக்கிற அகலத்துக்குக் காய் முற்றாத உளுந்தைப் பிடுங்கி ஓரமாகக் குவித்திருந்தாள். அந்த வருஷம் அவளுக்கு மிஞ்சியிருந்ததே அந்த உளுந்துதான்.

"இப்படி வாங்க தம்பி" என்றாள் என்னைப் பார்த்து. "தைரியமா எறங்குங்க. தரை கெட்டியா இருக்கு. கால் பொதையாது."

நான் சட்டியோடு முதல் காலை வைத்தேன். கல் மாதிரிதான் இருந்தது. வைத்த கால் அப்படியே நின்றுவிட்டது. இத்தனை வாரமும் அம்மா என்னிடம் அறுப்பைப் பற்றியா கேட்டாள்? உளுந்தைப் பற்றியா கேட்டாள்? தன்னைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களின் காலைப் பற்றியல்லவா கேட்டிருக்கிறாள். வாயுத் தொந்தரவு என்று நான் சொன்னதை அவள் ஒரு நாளும் நம்பவில்லை. ரோடு வெட்டுப்பட்டுக் கிடக்கிறது, குழாய் இன்னும் பதிக்கவில்லை, அதனால் தரை காயட்டும் என்று பட்டுக்கோட்டையில் ஒரு கட்டிலில் படுத்துக்கொண்டு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

பின்னால் பாடை வந்தது. சாயவில்லை, சரியவில்லை. யார் வேட்டியிலும் ஒரு சொட்டுச் சேறு இல்லை.

நான் மருந்துக் கடைக்காரன். இதயம் எப்போது நிற்கும் என்பதை வயல் ஈரம் முடிவு செய்யாது என்று எனக்குத் தெரியும். இப்போது அந்த இடத்தில் குழாய் பதித்து, மேலே தார் போட்டு, ரோடு ஒழுங்காக இருக்கிறது. எந்த மாதம் செத்தாலும் எங்கள் தெருவில் கவலை இல்லை. அந்த இடத்தைத் தாண்டுகிறபோதெல்லாம் எனக்கு ஒன்றுதான் தோன்றும். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கையைப் பிடித்துக் கேட்டபோது, இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது, கால் புதைகிறது என்று நான் சொல்லியிருக்கலாம்.